ஒன்லைன் வேலை விண்ணப்பமும் உலாவியின் உதவியும்



உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த வருடம். வீட்டுக் கணினியில் உட்கார்ந்து ஒரு நிறுவனத்துக்கு எனது முதல் ஒன்லைன் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். முகவரிப் பெட்டியில் ஓரெழுத்தைத் தட்டியதும் உலாவி தானாகவே ஒரு வரியைக் காட்டியது. அதை அழுத்தினேன். முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல் எல்லாம் ஒரே நொடியில் வந்து உட்கார்ந்தன. எங்கள் வீட்டு முகவரி சரியாகவே இருந்தது. பெயரை மட்டும் மாற்றி எழுதி அனுப்பிவிட்டேன். "பாருங்க உம்மா, எவ்வளவு சுருக்கா முடிஞ்சிட்டு" என்று பெருமையாகச் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது.

அந்தக் கணினி நானாவுடையது. உலாவி நிரப்பிய மின்னஞ்சலும் தொலைபேசி இலக்கமும் நானாவுடையவை. அவர் அப்போது கட்டாரில் வேலை செய்துகொண்டிருந்தார். அந்த இலங்கை இலக்கம் அணைந்து கிடந்தது. மின்னஞ்சலை வெள்ளிக்கிழமை லீவில் மட்டும்தான் திறப்பார். நேர்முகப் பரீட்சைக்கு வரும்படி திங்கட்கிழமை கடிதம் வந்திருக்கிறது. நேர்முகம் வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை பின்னேரம் நானா அழைத்து, "உனக்கு ஒரு கடிதம் வந்திருக்கு, பார்த்தியா?" என்று கேட்டபோது எல்லாம் முடிந்திருந்தது.

அதன் பிறகு உலாவியின் இந்த வசதியைக் கைவிட்டுவிடலாம் என்றே முதலில் நினைத்தேன். ஆனால் இரண்டு மாதத்தில் இருபதுக்கு மேற்பட்ட விண்ணப்பங்களை நிரப்ப வேண்டி வந்தபோது அது முடியாத காரியம் என்று விளங்கியது. ஆகவே அதை ஒழுங்காகப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

உலாவிக்கு எப்படித் தெரியும்?

ஓர் இணையப் பக்கத்தை எழுதுபவர், ஒவ்வொரு பெட்டிக்கும் நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறிப்பைக் கொடுக்கலாம். "இது மின்னஞ்சலுக்கான பெட்டி", "இது தொலைபேசிக்கு", "இது குடும்பப் பெயருக்கு" என்றவாறு. எச்.ரி.எம்.எல். மொழியில் இக்குறிப்புக்கு ஓட்டோகம்ப்ளீட் என்று பெயர். தகவல் தொழில்நுட்பம் படிக்கும் தங்கைகள் ஏதாவதொரு படிவத்தின் மீது வலது பக்கம் அழுத்தி, இன்ஸ்பெக்ட் என்பதைத் தெரிந்து பார்த்தால் இதைக் கண்டுகொள்ளலாம். குறிப்புக் கொடுக்கப்படாத பெட்டிகளில், அருகிலுள்ள சொற்களைப் பார்த்து உலாவி ஊகிக்கிறது. ஊகம்தான்; அதனால் "தந்தையின் தொலைபேசி இலக்கம்" என்ற பெட்டியிலும் உங்களுடைய இலக்கம் போய் உட்காரக்கூடும்.

உலாவியிடம் நம் விபரத்தைக் கொடுப்பது எளிது. குரோமில் வலப்பக்க மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, செட்டிங்ஸ் போய், ஓட்டோஃபில் என்ற பகுதியில் முகவரிகளுக்குரிய இடத்தைத் திறக்க வேண்டும். எட்ஜ் உலாவியிலும் ஏறத்தாழ இதே வழிதான். கையடக்கத் தொலைபேசியிலும் அதே மூன்று புள்ளிகள். பழைய விண்ணப்பங்களில் தட்டியவை அங்கே ஏற்கெனவே சேர்ந்திருக்கும். பாதி முகவரி, பழைய இலக்கம், எழுத்துப்பிழையோடு ஒரு மின்னஞ்சல் என்று கிடக்கும் அவற்றையெல்லாம் முதலில் அழித்துவிட்டு, சரியான ஒன்றை மட்டும் வைத்திருங்கள்.

வீட்டில் ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தினால் (எந்த வீட்டில்தான் அப்படியில்லை?) உங்களுக்கென்று தனியான ஒரு புரொஃபைல் உருவாக்குங்கள். குரோமின் மேல் மூலையில் உள்ள வட்டப் படத்தை அழுத்தினால் புதிய ஒருவரைச் சேர்க்கும் வழி வரும். ஒவ்வொருவருக்கும் முகவரி, கடவுச்சொல், புத்தகக்குறி எல்லாம் வெவ்வேறாகிவிடும். ஒரே கணினிக்குள் ஆளுக்கொரு அலுமாரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். நான் அன்று செய்திருக்க வேண்டியது இந்த இரண்டு நிமிட வேலைதான்.

கொமியுனிகேஷன் கடைக் கணினியில் விண்ணப்பிப்பவர்கள் அதே வட்டப் படத்திலிருந்து விருந்தினர் சாளரத்தைத் திறக்க வேண்டும். அதை மூடியதும் பார்த்த பக்கங்களின் சுவடும், உள்நுழைந்த தடயமும் போய்விடும். ஆனால் தரவிறக்கிய கோப்புகள் போகா. உங்கள் அடையாள அட்டையின் பிரதியும் பெறுபேற்றுச் சான்றிதழும் அந்தக் கடையின் டவுன்லோட்ஸ் கோப்புறையில் அடுத்து வருபவர் பார்க்கக் கிடக்கும். அழித்து, குப்பைத்தொட்டியையும் வெறுமையாக்கிவிட்டு எழும்புங்கள்.

நமது பெயரும் அவர்களது பெட்டிகளும்

இனி, நம்மைப் போன்ற பெண் பிள்ளைகளுக்கு அதிகம் சிக்கல் தரும் இடத்துக்கு வருவோம். வெளிநாட்டு மென்பொருள்களில் செய்யப்பட்ட படிவங்கள் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டிகளை வைத்திருக்கும். நம்மில் அநேகருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. வாப்பாவின் பெயர் முன்னால் வரும், நம் பெயர் கடைசியில் வரும். உதாரணமாக, மொஹமட் நியாஸ் பாத்திமா ஸஹ்ரா என்று ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். எம்.என்.எப். ஸஹ்ரா என்றுதான் பாடசாலை இடாப்பில் இருக்கும். முழுப்பெயரை ஒரே வரியில் கொடுத்தால், கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர் என்று மென்பொருள் பொதுவாக எடுத்துக்கொள்ளும். விளைவு: வாப்பாவின் பெயர் முதற்பெயராகிவிடும், கடிதம் "அன்பின் மொஹமட்" என்று வரும். சிரிப்பான விஷயம்தான். ஆனால் ஒரு படிவத்தில் ஸஹ்ரா குடும்பப் பெயராகவும், இன்னொன்றில் மொஹமட் நியாஸ் குடும்பப் பெயராகவும் இருந்தால், சான்றிதழ்களைச் சரிபார்ப்பவருக்கு அது இரண்டு ஆட்கள்.

எழுத்துக்கூட்டலும் அப்படித்தான். மொஹமட் என்ற பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதுகிறோம். பாத்திமாவுக்கும் அப்படியே. பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, பரீட்சைப் பெறுபேற்றில் இன்னொன்று என்று இருக்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். மூன்றையும் மேசையில் பக்கத்துக்குப் பக்கம் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால், வேலை கிடைத்த பிறகு ஓடித்திரியாமல் இப்போதே அதைத் திருத்துவதற்கான வழியைப் பாருங்கள். உலாவிக்குக் கொடுக்கும் பெயர், அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும். கடவுச்சீட்டு எடுத்தவர்கள், அதில் குடும்பப் பெயர் என்று எது பதியப்பட்டிருக்கிறதோ அதையே எல்லாப் படிவங்களிலும் குடும்பப் பெயராகக் கொள்ளுங்கள்.

திகதியிலும் ஒரு பொறி உண்டு. 2006 மார்ச் 5 பிறந்த பிள்ளை 05/03/2006 என்று எழுதுவாள். அமெரிக்க முறைப் படிவம் மாதத்தை முதலில் வாசிக்கும்; அவள் மே 3ஆம் திகதி பிறந்தவளாகிவிடுவாள். பெட்டிக்குள் மங்கலாக எழுதியிருக்கும் மாதிரியைப் பார்த்துவிட்டே எழுத வேண்டும். இந்தப் பிழை பிடிபடாமல் போகாது. ஏனென்றால் நமது தேசிய அடையாள அட்டை இலக்கத்துக்குள்ளேயே பிறந்த நாள் ஒளிந்திருக்கிறது. 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அது வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெப்ரவரியை எப்போதும் 29 நாளாகவே எண்ணுவார்கள். பெண்களுக்கு அத்தோடு 500ஐக் கூட்டுவார்கள். மார்ச் 5 என்பது 65ஆவது நாள். ஆக அந்தப் பிள்ளையின் எண் 2006565 என்று தொடங்கும். மே 3 என்றால் 2006624 என்று தொடங்க வேண்டும். படிவத்தில் ஒன்று, அடையாள அட்டையில் இன்னொன்று என்றிருந்தால் பார்ப்பவர் என்ன நினைப்பார்? உங்கள் எண்ணையும் ஒருமுறை இப்படிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வகுப்பில் செய்தால் நல்ல விளையாட்டு.

உலாவிக்குத் தெரியாதவை

அடையாள அட்டை எண், பரீட்சைச் சுட்டெண், பாடவாரியான பெறுபேறு, பிரதேச செயலகப் பிரிவு, நம்மைப் பற்றிச் சொல்லக்கூடிய உறவினரல்லாத இருவரின் பெயரும் பதவியும் தொலைபேசியும்: இவையெல்லாம் பெரும்பாலும் உலாவியின் முகவரிப் பகுதியில் அடங்கா. இவற்றை ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எக்செல் அட்டவணையில் எழுத வேண்டாம் என்பது எனது அனுபவம். 12 இலக்க எண்ணை அது தசமமாகச் சுருக்கிக் காட்டும்; 0 இல் தொடங்கும் தொலைபேசி இலக்கத்தின் 0ஐ விழுங்கிவிடும். இருவரின் பெயரையும் கொடுப்பதற்கு முன்னால் அவர்களிடம் அனுமதி கேளுங்கள். யாரோ அழைத்து உங்களைப் பற்றி விசாரிக்கும்போது, "எந்தப் பிள்ளை?" என்று அவர் கேட்டால் வேலை அங்கேயே போய்விடும்.

தமிழில் எழுத வேண்டிய விண்ணப்பமென்றால் ஒரு முக்கிய எச்சரிக்கை. நம் நாட்டில் பலரும் பாமினி எழுத்துருவில் தட்டச்சுப் பழகியவர்கள். பாமினியில் அடித்ததை உலாவியின் பெட்டியில் ஒட்டினால் அது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக மாறிவிடும். அந்தப் பக்கத்தில் பாமினி இல்லை என்பதால், அதற்குள் உண்மையில் இருப்பது வெளியே தெரிந்துவிடுகிறது. படிவத்துக்கு யூனிகோட்டில்தான் எழுத வேண்டும். பாமினியை யூனிகோட்டாக மாற்றித் தரும் இணையப் பக்கங்கள் உண்டு. மாற்றிய பின் ஒருமுறை வாசித்துப் பார்க்காமல் ஒட்டாதீர்கள்.

இந்தக் கோப்பிலிருந்து படிவத்துக்கு எடுத்துச் செல்லச் சில கைவழிகள். விண்டோஸ் 10இலும் அதற்குப் பிந்தியவற்றிலும் விண்டோஸ் விசையையும் வி எழுத்தையும் சேர்த்து அழுத்தினால், கடைசியாகப் பிரதி செய்தவை எல்லாம் வரிசையாக வரும். முதல் தடவை அதை இயக்க அனுமதி கேட்கும். ஐந்தாறு விபரங்களை ஒரே தடவையில் பிரதி செய்துகொண்டு வந்து ஒவ்வொன்றாக ஒட்டலாம். சுட்டியைத் தொடாமல் டெப் விசையால் அடுத்த பெட்டிக்கும், ஷிஃப்ட்டும் டெப்பும் சேர்த்து முந்திய பெட்டிக்கும் போகலாம். நாடுகளின் நீண்ட பட்டியலில் இலங்கையைத் தேடி உருட்டிக்கொண்டிருக்க வேண்டாம். பட்டியலுக்கு வந்ததும் ஸ்ரீலங்காவின் முதல் மூன்று ஆங்கில எழுத்துகளை வேகமாகத் தட்டினால் பெரும்பாலும் நேரே அங்கே போய் நிற்கும். தவறுதலாகப் பக்கத்தை மூடிவிட்டால் கொன்ட்ரோல், ஷிஃப்ட், ரி மூன்றையும் சேர்த்து அழுத்த மீண்டும் திறக்கும். நிரப்பியது இருக்கும் என்று மட்டும் நம்பாதீர்கள்.

தொலைபேசி மட்டுமே உள்ளவர்களுக்கு ஜீபோர்ட் விசைப்பலகை உதவும். அதன் அமைப்பில் தனிப்பட்ட அகராதி என்ற இடத்தில், முழு முகவரிக்கு இரண்டெழுத்துக் குறுக்கம் ஒன்றைப் பதிந்துவிட்டால், அந்த இரண்டெழுத்தைத் தட்டும்போது முகவரி மேலே வந்து நிற்கும். ஐபோனிலும் இவ்வாறான வசதி உண்டு. அடையாள அட்டை எண்ணை இப்படிப் பதிவதென்றால், தொலைபேசிக்குப் பூட்டுப் போட்டிருக்க வேண்டும்.

சுயவிபரக் கோவையைப் பதிவேற்றியதும் தானே பெட்டிகளை நிரப்பிக்கொள்ளும் தளங்களும் இருக்கின்றன. அழகுக்காக இரண்டு நிரலாகவும் படங்களுக்கு நடுவிலும் எழுதிய கோவைகளில் அவை குழம்பும். உங்கள் கோவையை அது எப்படி வாசிக்கும் என்று அறிய ஒரு சோதனை: பீ.டி.எப். கோப்பை உலாவியில் திறந்து, முழுவதையும் தெரிவுசெய்து பிரதியெடுத்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிகள் குலைந்து வந்தால் மென்பொருளுக்கும் ஏறக்குறைய அப்படித்தான் தெரியும். எதுவுமே ஒட்டப்படாவிட்டால் உங்கள் கோவை வெறும் படம். அதற்குள் எழுத்தே இல்லை.

எங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும்?

விண்ணப்பங்களை நிரப்பவென்றே உலாவியில் சேர்க்கும் நீட்சிகள் பல இலவசமாகக் கிடைக்கின்றன. சேர்க்கும்போது ஒரு சிறு பெட்டி வந்து, "எல்லா இணையத்தளங்களிலும் உள்ள உங்கள் தரவுகளை வாசிக்கவும் மாற்றவும்" அனுமதி கேட்கும். நாம் வாசிக்காமலேயே சம்மதிக்கிறோம். நிரப்புவதற்கு அதற்கு அந்த அனுமதி தேவைதான். ஆனால் அதே அனுமதி வங்கிப் பக்கத்துக்கும் மின்னஞ்சலுக்கும் பொருந்தும். யார் செய்தது என்று தெரியாத நீட்சியை நான் சேர்ப்பதில்லை. உலாவியோடு வரும் வசதியே நமது தேவைக்குப் பெரும்பாலும் போதும்.

அந்த வசதியிலும் ஓர் ஓட்டை இருந்ததை 2017இல் பின்லாந்தைச் சேர்ந்த ஓர் இணைய வடிவமைப்பாளர் செய்து காட்டினார். கண்ணுக்குத் தெரிவது பெயரும் மின்னஞ்சலும் கேட்கும் இரண்டே பெட்டிகள். முகவரி, தொலைபேசிப் பெட்டிகள் பக்கத்துக்கு வெளியே மறைத்து வைக்கப்பட்டிருந்தன. உலாவி அவற்றையும் சேர்த்து நிரப்பிக் கொடுத்துவிட்டது. அதனால், வாட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பிய "உடனடி வேலைவாய்ப்பு" இணைப்பில் தானாக நிரப்பும் வசதியைத் தொடவே வேண்டாம். முதலில் அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்குப் போய் அப்படியொரு வெற்றிடம் இருக்கிறதா என்று பாருங்கள். அரச வேலை என்று சொன்னால், வெள்ளிக்கிழமை தோறும் வெளியாகும் வர்த்தமானியில் தேடுங்கள். பதிவுக் கட்டணம் கேட்டால் பக்கத்தை மூடிவிடுங்கள்.

ஒரே அழுத்தில் நூறு இடங்களுக்கு விண்ணப்பம் அனுப்பித் தருவதாகச் சொல்லும் கருவிகளும் உண்டு. லிங்க்ட்இன் போன்ற தளங்கள் அவ்வாறான தானியங்கிகளைத் தம் விதிமுறையில் தடைசெய்திருக்கின்றன, கணக்கே முடக்கப்படலாம். அதைவிட எனக்குப் பிடிக்காதது வேறொன்று. "இரண்டு வருட அனுபவம் உண்டா?" என்ற கேள்விக்கு அந்தக் கருவி ஆம் என்று போட்டுவிட்டால், பொய் சொன்னது நாம்தான்.

"ஏன் இந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்கள்?" என்ற பெட்டிக்குத்தான் நாம் மிச்சம்பிடித்த நேரமெல்லாம் போக வேண்டும். அதை ஒருபோதும் படிவத்துக்குள்ளேயே எழுதாதீர்கள். சில தளங்கள் குறித்த நேரத்துக்குள் அனுப்பாவிட்டால் வெளியே தள்ளிவிடும். நாற்பது நிமிடம் யோசித்து எழுதிய பதிலை நான் அப்படி இழந்திருக்கிறேன். அந்த வேளை பார்த்து மின்சாரமும் போகும். வெளியே ஒரு கோப்பில் எழுதி, திருத்தி, பிறகு ஒட்டுங்கள். பழைய பதிலை எடுத்துத் திருத்துபவர்கள், முன்னைய நிறுவனத்தின் பெயரைக் கொன்ட்ரோல், எப் அழுத்தித் தேடிப் பாருங்கள். என்னோடு படித்த ஒருத்தி ஒரு வங்கிக்கு அனுப்பிய கடிதத்தில், இன்னொரு வங்கியில் சேவையாற்றுவதே தன் சிறுவயதுக் கனவு என்று எழுதியிருந்தாள். பதில் வரவில்லை.

அறிவித்தல்களைக் கண்டவுடன் கொன்ட்ரோல், டி அழுத்திப் புத்தகக்குறியாகச் சேமித்து, அதன் பெயருக்கு முன்னால் இறுதித் திகதியை வருடம், மாதம், நாள் என்ற ஒழுங்கில் எழுதிவிடுவேன். பெயர்வாரியாக வரிசைப்படுத்தினால் முதலில் முடிபவை முதலில் நிற்கும். கடைசி நாள் இரவு வரை வைத்திருப்பது நல்லதல்ல. அன்று எல்லோரும் அதே தளத்தில்தான் நிற்பார்கள்.

அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் தொலைபேசி இலக்கத்தையும் மின்னஞ்சலையும் வாய்விட்டு வாசியுங்கள். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன். அருகில் இருப்பவர்கள் சிரித்தாலும் பரவாயில்லை. பிறகு கொன்ட்ரோல், பீ அழுத்தி, அச்சுப்பொறிக்குப் பதிலாக பீ.டி.எப். ஆகச் சேமிக்கும் வழியைத் தெரிவுசெய்து, நிரப்பிய படிவத்தையும் வேலை அறிவித்தலையும் ஒரே கோப்புறையில் போட்டு வையுங்கள். இறுதித் திகதி கடந்ததும் அறிவித்தலைத் தளத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு முற்பகலில் தொலைபேசி அடித்து, "நீங்கள் எதிர்பார்க்கும் சம்பளம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றிப் பேசலாமா?" என்று ஒருவர் கேட்பார். எவ்வளவு எழுதினோம் என்று பார்த்துச் சொல்ல அந்தக் கோப்புறையைத்தான் திறக்க வேண்டியிருக்கும்.